பழைய பியரும் போத்தலிற் குறித்த திகதியும்



பழைய அரிசிக்கும் பழம் புளிக்கும் நம் வீடுகளில் தனி மதிப்பு உண்டு. காலையில் இறக்கிய கள்ளோ மாலைக்குள் புளித்துவிடுகிறது. பியர் என்னும் பானம் இவ்விரு வகையுள் எதனைச் சாரும்? போத்தலிற் குறித்த திகதி கடந்ததும் அதனைக் கொட்டிவிட வேண்டுமா? அன்றி, வைக்க வைக்கச் சுவை கூடுமென்று காத்திருக்கலாமா? மதுவுக்குப் பரிந்து பேசுவது என் நோக்கமன்று; ஒரு திகதியின் பொருளை விளக்குவதே நோக்கம்.

இங்கிலாந்தில் உணவுப் பொதிகளில் இருவகைத் திகதிகள் வழங்குகின்றன. 'இத்திகதிக்குள் பயன்படுத்துக' என்பது, மீன், இறைச்சி போல விரைவிற் பழுதாகும் பொருள்களுக்கு உரியது. அதனை மீறுவது உடலுக்கு ஊறு விளைக்கும். 'இத்திகதிக்கு முன் சிறந்தது' என்பதோ சுவையைப் பற்றியது, நஞ்சைப் பற்றியதன்று. பியர் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மதுசாரம் 10 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பானங்களுக்கு அந்நாட்டுச் சட்டம் அத்திகதியையும் வேண்டுவதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. பியரில் மதுசாரமும் அமிலத்தன்மையும் ஹொப்ஸ் பூவின் கசப்பும் உள்ளன. ஒட்சிசனோ மிக அருகியே உள்ளது. இத்தகைய இடத்தில் நோய்க்கிருமிகள் பெருகுவது அரிது.

ஆயினும் சுவை நிலைத்து நிற்பதில்லை. போத்தலுள் எஞ்சிய சிறிதளவு ஒட்சிசனே நாளடைவில் நனைந்த கடதாசி அட்டையின் வாடையை உண்டாக்கும். ஹொப்ஸின் மணமும் கசப்பும் குன்றும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் இம்மாற்றங்கள் ஏறத்தாழ இருமடங்கு, மும்மடங்கு விரைவுறும். வெயில் பட்டாலோ சிறிது நேரத்திலேயே துர்நாற்றம் தோன்றும். கபில நிறப் போத்தல்கள் பெரிதும் வழங்குவது இதனாலேயே.

அங்ஙனமாயின் வயதால் மேன்மையுறும் பியரே இல்லையா? உண்டு, ஆனால் சிலவே. நாவலாசிரியர் தோமஸ் ஹாடி மறைந்து 40 ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, 1968ஆம் ஆண்டில் டோச்செஸ்டர் நகரின் எல்ட்ரிட்ஜ் போப் நிறுவனம் அவர் பெயரால் ஒரு பியரை வெளியிட்டது. ஏறத்தாழ 12 சதவீத மதுசாரமும், மிகுந்த முளைத்தானியச் சாரமும், போத்தலினுள்ளே உயிர்த்திருக்கும் மதுவமும் கொண்ட அது, ஆண்டுக்கணக்கில் வைத்து அருந்துவதற்கென்றே ஆக்கப்பட்டது. மதுவம் ஒட்சிசனை ஈர்த்துக்கொள்ளும். கரடுமுரடான கசப்புத் தணிந்து, உலர்ந்த திராட்சையை ஒத்த சுவை எழும். 4, 5 சதவீத மதுசாரமுடைய வெளிர்நிறப் பியருக்கு இப்பேறு இல்லை. அதனை நிலவறையிற் சேமித்தல் வீண் முயற்சி.

வலிய பியருக்கும் எல்லை உண்டு. 2010ஆம் ஆண்டில், பின்லாந்தின் ஓலன் தீவுகளருகே, 1840களில் மூழ்கிய கப்பலொன்றிலிருந்து பியர்ப் போத்தல்கள் மீட்கப்பட்டன. ஆய்வாளர் திறந்து பார்த்தபோது, குளிர்ந்து இருண்ட கடலடியிற் கிடந்தும் அவை கெட்டிருந்தன. நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கச் செய்திருந்தன, கடல்நீரும் உட்புகுந்திருந்தது.

ஆகவே, பழைய போத்தலொன்று கைக்கு வந்தால் முதலில் அதன் வகையை நோக்குக. அடுத்து, அது இருந்த இடத்தை வினவுக. இருளிலும் குளிரிலும் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தால், திகதி கடந்ததனால் மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. மூடி கசிந்திருந்தால், திகதி கடவாதிருப்பினும் அதனை விலக்குக. ஆனால், மீனுக்கும் இறைச்சிக்கும் இட்ட திகதியை ஒருபோதும் இவ்வாறு கருதலாகாது. எத்திகதி எதனைக் கூறுகின்றது என்று அறிந்து படித்தலே நமக்குக் காவல்.