ஆறு நிமிட நடை

உங்கள் பள்ளியின் நீண்ட வராந்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 30 மீட்டர் அளந்து, இரு முனைகளிலும் ஓர் அடையாளம் வைத்துவிட்டால் போதும்; ஒரு மருத்துவப் பரிசோதனைக்கு இடம் தயார்! நுரையீரல் நோயாளி அங்கே 6 நிமிடம் நடப்பார். எத்தனை மீட்டர் நடந்தார் என்பதைக் குறித்துக்கொள்வார்கள். 'இவ்வளவுதானா?' என்று கேட்கிறீர்களா? பௌதிக ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன்: அளப்பது எளிது, சரியாக அளப்பதுதான் கடினம்.

திருப்பூர் வட்டாரத்தில் பஞ்சுத் தூசியை அறியாதவர் இல்லை. ஜின்னிங் ஆலையிலும், நூற்பாலையின் கார்டிங் பகுதியிலும் இது மிகுதி. பல ஆண்டுகள் இதைச் சுவாசிப்பவர்களுக்குப் 'பிசினோசிஸ்' என்ற நோய் வரலாம். வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியதும் நெஞ்சு இறுகுவது இதன் தொடக்க அறிகுறி. நாளடைவில் மற்ற நாட்களிலும் மூச்சு வாங்கும்.

இத்தகைய நோயாளியை உட்கார வைத்து, ஒரு குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதிக்கலாம். ஆனால் அவர் கடைத்தெரு வரை நடந்து திரும்ப முடியுமா? நடக்கும்போது நுரையீரல், இதயம், இரத்தம், தசை எல்லாம் சேர்ந்தல்லவா உழைக்கின்றன! எஞ்சினை மட்டும் பார்ப்பதற்கும், வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

1968இல் அமெரிக்காவின் கென்னத் கூப்பர், விமானப் படையினரின் உடல் திறனை 12 நிமிட ஓட்டத்தால் அளந்தார். 1976இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் அதை நோயாளிகளுக்கான 12 நிமிட நடையாக மாற்றினர். 6 நிமிடமே போதும் என்பது 1982இல் தெரியவந்தது. 2002இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் இதற்கு விரிவான விதிகளை வகுத்தது.

விதிகள் ஏன்? ஒரு கணக்குப் போடுவோம். பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர் முதல் சோதனையில் 330 மீட்டர் நடந்தார். மூச்சுப் பயிற்சிக்குப் பின் 360 மீட்டர் நடந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 30 மீட்டர் கூடினால் நல்ல முன்னேற்றம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஆனால் இரண்டாம் முறை பக்கத்தில் நின்றவர், "இன்னுங் கொஞ்சம் வெரசா நடங்கண்ணா!" என்று உற்சாகப்படுத்தியிருந்தால்? வெறும் உற்சாகமே தூரத்தைச் சுமார் 30 மீட்டர் கூட்டிவிடும் என்று 1984இல் கனடாவில் கண்டறிந்தார்கள். அப்படியானால் கூடியது நுரையீரலின் வலுவா, பக்கத்தில் நின்றவரின் குரலா?

ஆகவே, நிமிடத்திற்கு ஒருமுறை, எல்லாரிடமும் ஒரே சொற்களை, ஒரே குரலில்தான் சொல்ல வேண்டும். நோயாளியோடு கூடவே நடக்கக் கூடாது. நடந்தால் அவருடைய வேகம் நம்முடையதாகிவிடும். பாதையும் மாறக் கூடாது. 360 மீட்டர் நடக்க, 30 மீட்டர் பாதையில் 11 முறை திரும்பினால் போதும். 15 மீட்டர் பாதையில் 23 முறை திரும்ப வேண்டும். திரும்பும்போதெல்லாம் வேகம் குறையுமே! பழக்கத்தாலும் தூரம் கூடும் என்பதால், இடையே ஓய்வு கொடுத்து இருமுறை நடக்கச் செய்து, அதிகமானதை எடுத்துக்கொள்கிறார்கள்.

நோயாளியின் விரலில் ஒரு சிறு கருவி மாட்டப்படுகிறது. பிராணவாயு ஏற்ற இரத்தம் சிவப்பு ஒளியைக் குறைவாக உறிஞ்சும்; பிராணவாயுவை இழந்த இரத்தம் அதை அதிகமாக உறிஞ்சும். சிவப்பு, அகச்சிவப்பு ஆகிய இரு ஒளிகளையும் விரலில் செலுத்தி, உறிஞ்சலை ஒப்பிட்டுப் பிராணவாயுவின் அளவை இக்கருவி காட்டுகிறது. 1974இல் இம்முறையை வெளியிட்டவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி. அளவு 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் நடையை உடனே நிறுத்திவிட வேண்டும்.

நோயாளிகளை வைத்து நீங்கள் சோதிக்க வேண்டாம். அது மருத்துவமனையில், பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது. ஆனால் நலமாக உள்ள நண்பர்களை வராந்தாவில் நடக்க விடலாம். ஒருமுறை பேசாமலும், ஓய்வுக்குப் பின் ஒருமுறை கைதட்டியும் நடத்துங்கள். இரண்டு தூரங்களும் வேறுபட்டால், அது கைதட்டலால்தானா, பழக்கத்தாலா? இதை எப்படிப் பிரித்தறிவது? யோசியுங்கள். மூச்சு வாங்கும் ஒரு தொழிலாளியின் சிகிச்சை இப்படி அளந்த எண்ணையும் நம்பி முடிவாகிறது. அந்த எண் அவருடையதாக இருக்க வேண்டும். அளந்தவருடையதாக இருக்கக் கூடாது.