டார்கெட் ஷூட்டிங் ஆசை இருக்கா? குறைந்த விலையில் வெளிநாட்டு ரிவால்வர் வாங்க முடியுமா? சட்டம் சொல்வது என்ன?

பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 2 வெண்கலம் வென்ற பிறகு, துப்பாக்கி சுடுதல் பக்கம் இளைஞர்களின் பார்வை திரும்பியிருக்கிறது. யூடியூபைத் திறந்தால் அமெரிக்காவில் ஒருவர் கடைக்குள் போகிறார், பிரேசில் தயாரிப்பு ரிவால்வர் ஒன்றை எடுக்கிறார், பில் போடுகிறார், நேராக ரேஞ்சுக்குப் போய் சுடுகிறார். விலையும் சில நூறு டாலர்தான். 'அதே மாதிரி நாமும் ஒண்ணு இறக்குமதி பண்ணிக்கலாமே' என்ற எண்ணம் வருவது இயல்பு.

ஆனால் இந்தியாவில் அது அவ்வளவு எளிதல்ல. தெரியாமல் இறங்கினால் பணம் மட்டுமல்ல, சில ஆண்டுகள் சிறையும் சேர்ந்து போகலாம். சட்டம் எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது? விளையாட்டு வீரர்களுக்கு என்ன வழி இருக்கிறது? பார்ப்போம்.

வெளிநாட்டு ரிவால்வரை நேரடியாக இறக்குமதி செய்ய முடியுமா?

சாதாரண குடிமகனுக்கு முடியாது என்பதுதான் பதில். 1980களின் நடுப்பகுதியில் இருந்தே பொதுமக்கள் பயன்பாட்டுக்கான துப்பாக்கி இறக்குமதிக்கு இந்தியாவில் கதவு மூடப்பட்டுவிட்டது. லைசென்ஸ் கையில் இருந்தாலும், வெளிநாட்டுக் கடையில் ஆர்டர் போட்டு பார்சலில் வரவழைக்க முடியாது. ஆயுதங்களை நாட்டுக்குள் கொண்டு வருவதற்குத் தனி அனுமதி வேண்டும் என்கிறது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம்.

விதிவிலக்கு யாருக்கு? முதலில், தேசிய அளவில் தகுதி பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்கள். தேசிய சாம்பியன்ஷிப்பில் பங்கேற்று, இந்திய தேசிய ரைபிள் சங்கம் நிர்ணயித்த தகுதிப் புள்ளியை எட்டியவர்கள், தங்கள் பிரிவுக்குத் தேவையான துப்பாக்கியையும் தோட்டாவையும் உரிய பரிந்துரையுடன் சொந்தப் பயன்பாட்டுக்கு இறக்குமதி செய்யலாம். இவர்களுக்குச் சுங்கவரிச் சலுகையும் உண்டு.

இரண்டாவது, வெளிநாட்டில் வசித்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்புபவர்கள். அங்கே குறைந்தது ஓராண்டு பயன்படுத்திய, அனுமதிக்கப்பட்ட வகைத் துப்பாக்கி ஒன்றை மட்டும் கொண்டு வரலாம். ஆனால் இந்திய லைசென்ஸ் கட்டாயம். அதை வாழ்நாள் முழுக்க விற்கவோ கைமாற்றவோ முடியாது என்ற நிபந்தனையும் இருக்கிறது.

அப்படியென்றால் கடைகளில் இருக்கும் 'ஃபாரின்' ரிவால்வர் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் பழைய சரக்கு. தடைக்கு முன் வந்த வெப்லி, ஸ்மித் அண்ட் வெசன், கோல்ட் போன்றவைதான் இன்றும் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்குள் கைமாறிக்கொண்டு இருக்கின்றன. புதிய வரத்து இல்லாததால் விலை ஏறிக்கொண்டே போகிறது. அமெரிக்காவில் சாதாரண விலைக்குக் கிடைக்கும் ரிவால்வருக்கு இங்கே பல லட்சம் கேட்பதற்குக் காரணம் இதுதான். தரத்துக்கான விலை அல்ல அது, தட்டுப்பாட்டுக்கான விலை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள இருவர் தங்களுக்குள் துப்பாக்கியை விற்று வாங்குவதாக இருந்தாலும், மாவட்ட நிர்வாகத்துக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்து 45 நாட்கள் கடந்த பிறகே கைமாற்ற முடியும். 'காசைக் கொடுங்க, பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்' என்று யாராவது சொன்னால், அங்கேயே விலகிவிடுவது நல்லது.

குறைந்த செலவில் வேறு வழி என்ன?

உள்நாட்டுத் தயாரிப்புகள். கான்பூர் அரசு தொழிற்சாலைகளில் .32 போர் ரிவால்வர்கள் நீண்டகாலமாகத் தயாராகின்றன. 2014இல் பெண்களின் பாதுகாப்புக்காக அறிமுகமான 'நிர்பீக்' ரிவால்வரின் எடை சுமார் 500 கிராம், அப்போதைய விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். 2023 ஆகஸ்டில் 'பிரபல்' என்ற ரிவால்வரும் வந்தது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையையும் நிர்வகிக்கும் அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா என்ற அதே அரசு நிறுவனத்தின் தயாரிப்பு இது.

வெளிநாட்டுப் பெயர்தான் வேண்டும் என்பவர்களுக்கும் இப்போது இடைவழி ஒன்று உண்டு. பிரிட்டனின் வெப்லி அண்ட் ஸ்காட், உத்தரப்பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் .32 ரிவால்வர்களைத் தயாரிக்கிறது. பிரேசிலின் டாரஸ் நிறுவனம் ஜிண்டால் குழுமத்துடன் சேர்ந்து ஹரியாணாவின் ஹிசாரில் தொழிற்சாலை அமைத்திருக்கிறது.

பட்ஜெட் போடும்போது வரியை மறந்துவிடக் கூடாது. ரிவால்வர், பிஸ்டலுக்கு 28% ஆக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 40% ஆகிவிட்டது. 1 லட்சம் ரூபாய் அடிப்படை விலை என்றால், வரி மட்டுமே 40 ஆயிரம்.

இந்த ரிவால்வர்கள் டார்கெட் ஷூட்டிங்குக்குச் சரிப்படுமா?

பலரும் பணத்தைக் கொட்டிய பிறகுதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். கடையில் கிடைக்கும் பெரும்பாலான ரிவால்வர்கள் தற்காப்புக்கானவை. குழல் சுமார் 76 மில்லிமீட்டர்தான், அதாவது 3 அங்குலம். குறி பார்க்கும் சைட்டை நகர்த்திச் சரிசெய்ய முடியாது. ட்ரிக்கரும் கனமாக இருக்கும். சில அடி தூரத்தில் ஆபத்தைச் சமாளிக்க இது போதும்.

ஆனால் போட்டி நடப்பது 25 மீட்டர் தூரத்தில். துல்லியச் சுற்றில் 10 புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் வெறும் 50 மில்லிமீட்டர். அதற்கு நீளமான குழல், நகர்த்தக்கூடிய பின் சைட், மென்மையான ட்ரிக்கர் எல்லாம் வேண்டும். சென்டர் ஃபயர் பிஸ்டல் பிரிவில் குழல் 153 மில்லிமீட்டர் வரை இருக்கலாம், ட்ரிக்கர் எடை குறைந்தது 1,000 கிராம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி.

2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 590 புள்ளிகள் எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது இந்தப் பிரிவில்தான். ரிவால்வருக்கு இங்கே அனுமதி உண்டு, ஒரு காலத்தில் அதுதான் வழக்கம். இன்று முன்னணி வீரர்கள் பெரும்பாலும் இதற்கென்றே உருவான .32 பிஸ்டல்களைத்தான் எடுக்கிறார்கள். ஆக, 'ஷூட்டிங் கத்துக்க ரிவால்வர்தான் முதல் படி' என்பது தவறான கணக்கு.

தோட்டா கணக்கும் இருக்கிறது. ஒரு போட்டிக்கே 60 ரவுண்டு தேவை, பயிற்சிக்கு அதைப்போல பல மடங்கு. சாதாரண லைசென்ஸில் ஆண்டுக்கு எத்தனை தோட்டா என்று குறித்தே கொடுப்பார்கள். அந்த அளவை வைத்துக்கொண்டு போட்டிப் பயிற்சி எடுப்பது நடக்காத காரியம். அதனால்தான் தகுதி பெற்ற வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது.

அமெரிக்காவில் மட்டும் எப்படி இவ்வளவு மலிவு?

அங்கும் இறக்குமதி தடையே இல்லாமல் நடப்பதில்லை. மலிவான சிறு கைத்துப்பாக்கிகள் குற்றங்களில் புழங்குவதைத் தடுக்க, 1968இல் கொண்டுவந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் துப்பாக்கி 'விளையாட்டுப் பயன்பாட்டுக்கு' ஏற்றதாக இருக்க வேண்டும். ரிவால்வர் என்றால் குழல் குறைந்தது 3 அங்குலம் இருக்க வேண்டும், பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். எடை, சைட் போன்றவற்றுக்குப் புள்ளிகள் போட்டு முடிவெடுப்பார்கள். இந்த வடிகட்டலைத் தாண்டி வரும் பிரேசில் தயாரிப்புகள் அங்கே போட்டி போட்டு விற்பதால் விலை குறைவு. இந்தியாவில் அந்தச் சந்தையே கிடையாது.

விளையாட்டுக்காக லைசென்ஸ் வாங்குவது எப்படி?

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் தெளிவான பாதை காட்டுகின்றன.

• லைசென்ஸ் பெற்ற ஷூட்டிங் கிளப் அல்லது ரைபிள் சங்கத்தில் கடந்த 2 ஆண்டுகளாகத் தீவிர உறுப்பினராக இருக்கும் விளையாட்டு வீரர், அந்த அடிப்படையில் விண்ணப்பிக்கலாம். உயிருக்கு அச்சுறுத்தல் என்று காரணம் காட்ட வேண்டிய அவசியமில்லை.

• சொந்த லைசென்ஸுக்கு வயது 21 ஆகியிருக்க வேண்டும். 12 வயதிலிருந்து ஜூனியர்கள் மேற்பார்வையில் பயிற்சி எடுக்கலாம்.

• மாவட்டத்தில் ஆட்சியரிடமும், மாநகரங்களில் காவல் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை விசாரணை, மருத்துவச் சான்று, துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று எல்லாம் கேட்பார்கள்.

• 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் 3இல் இருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டன. லைசென்ஸ் காலம் 3இல் இருந்து 5 ஆண்டுகளாக உயர்ந்தது.

• வீரர்களுக்கு 2020இல் தளர்வு வந்தது. ஒரு பிரிவில் தகுதி பெற்றவர் 8, இரண்டு பிரிவு என்றால் 10, அதற்கு மேல் 12 துப்பாக்கிகள் வரை கூடுதலாக வைத்திருக்கலாம். வளரும் வீரர்களுக்கு இந்த எண்ணிக்கை 2.

சோஷியல் மீடியாவில் 'இம்போர்ட்டட் ரிவால்வர், 40 ஆயிரம்தான்' என்று வந்தால்?

இரண்டில் ஒன்றுதான் நடக்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆள் காணாமல் போவார். புகார் கொடுக்கப் போனால், லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வாங்கப் பார்த்ததை நீங்களே சொல்ல வேண்டியிருக்கும். இல்லாவிட்டால், வெளிநாட்டு முத்திரை குத்திய கள்ளத்துப்பாக்கி வந்து சேரும். பீகாரின் முங்கேர் போன்ற இடங்களில் சட்டவிரோதமாகத் தயாராகும் துப்பாக்கிகள் நாடு முழுவதும் பிடிபட்டிருக்கின்றன. அவற்றின் உலோகத்துக்கு எந்தச் சோதனையும் கிடையாது, சுடும்போது கையிலேயே வெடிக்கலாம்.

சட்டமும் கடுமை. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அனுமதியின்றி வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் தண்டனை வரை போகலாம். 'விளையாட்டுக்குத்தான் வாங்கினேன்' என்ற விளக்கம் லைசென்ஸுக்கு ஈடாகாது.

சரி, எங்கே தொடங்குவது?

ஏர் பிஸ்டலில் தொடங்கலாம். 4.5 மில்லிமீட்டர் அளவும், 20 ஜூலுக்கு உட்பட்ட சக்தியும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. மனு பாக்கர் பாரிஸில் இரண்டு பதக்கங்களையும் வென்றது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில்தான்.

சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் ரைபிள் கிளப்கள் இருக்கின்றன. முதலில் உறுப்பினராகுங்கள், கிளப் துப்பாக்கியிலேயே பழகுங்கள். கிளப்பில் கழியும் அந்த 2 ஆண்டுகள் லைசென்ஸ் விண்ணப்பத்துக்கான தகுதியையும் சேர்த்தே தரும். மாநில, தேசியப் போட்டிகளில் தகுதிப் புள்ளியை எட்டினால் இறக்குமதிக் கதவும் சட்டப்படியே திறக்கும். எந்தத் துப்பாக்கி தனக்குப் பொருந்தும் என்பதும் அதற்குள் தெரிந்திருக்கும்.