முள் காட்டுவதும் மெய்யும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, கோடை விடுமுறைக்காகப் புனேயிலிருந்து காரில் ஊருக்குப் புறப்பட்டோம். சதாராவுக்கு வடக்கே கம்பட்கி மலைப்பாதையில் வண்டி ஏறுகையில், எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கிற்று. நிறுத்தலாமா என்று எண்ணுவதற்குள் அது விரைந்து இறங்கிக் குளிர்நிலையைக் காட்டியது. தொல்லை தீர்ந்ததென்று மகிழ்ந்து மேலே சென்றோம். சிறிது தொலைவில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. முள் ஏன் பொய் சொன்னது?

குதிரை வண்டியில் குளம்படிச் சேறு தெறிக்காமல் தடுத்த பலகைக்கே முதலில் டாஷ்போர்டு என்று பெயர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும் அதற்கு மனநிறைவான தமிழ்ச்சொல் அகப்படவில்லை. முகப்புப் பலகை என்றே கொள்வோம். அப்பலகையிலுள்ள எந்த முள்ளும் தான் தெரிவிக்கும் பொருளை நேரே அறிவதில்லை. அதற்கு ஈடான வேறொன்றை அறிந்தே நமக்குச் சொல்கிறது.

வேகமானியையே எடுத்துக்கொள்வோம். 1902-இல் ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்சே காப்புரிமை பெற்ற முறையில், கம்பி வடத்தால் சுழலும் காந்தம், தன்னைத் தொடாமல் சூழ்ந்துள்ள உலோகக் கிண்ணத்தில் மின்னோட்டத்தை எழுப்பி அதனையும் தன்னோடு இழுக்கும்; மெல்லிய சுருள்வில் அதைத் தடுத்து நிறுத்தும். இக்காலத்து வண்டிகளில் மின்னணு உணரிகள் அவ்வேலையைச் செய்கின்றன. எம்முறையாயினும் எண்ணப்படுவது சக்கரத்தின் சுற்றே, சாலை அன்று. 300 மில்லிமீட்டர் ஆரமுள்ள டயர் 6 மில்லிமீட்டர் தேய்ந்தால், முள் 100 என்னும்போது வண்டி 98-இல்தான் ஓடும். பெரிய டயரை மாட்டினாலோ மெய்வேகம் முள்ளை மிஞ்சிவிடும்; இதுவே ஆபத்து. ஐக்கிய நாடுகளின் 39-ஆம் வாகன விதிப்படி வேகமானி குறைத்துக் காட்டவே கூடாது. மெய்வேகத்தில் பத்திலொரு பங்குடன் 4 கிலோமீட்டர் வரை கூட்டிக் காட்டலாம். அதாவது, 80-இல் செல்லும் வண்டி 92 என்று காட்டினும் குற்றமில்லை. கைபேசி காட்டும் வேகம் பெரும்பாலும் குறைவாயிருப்பது இதனாலேயே.

எரிபொருள் முள்ளை ஆட்டுவிப்பது தொட்டியில் மிதக்கும் ஒரு மிதவை. தொட்டி கோணல்மாணலான வடிவுடையதாதலால், பாதி உயரம் பாதிப் பெட்ரோல் ஆகாது. மலைச்சரிவில் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்க, மிதவை ஏறவோ தாழவோ செய்யும். ஆகவே சமதரையில் நின்று பார்ப்பதே நலம்.

இனி, நம்மை ஏமாற்றிய முள்ளுக்கு வருவோம். எஞ்சினின் உலோகம் எவ்வளவு சுடுகிறது என்பதை அது அறியாது. எஞ்சினைச் சுற்றியோடும் நீரின் சூட்டையே அறியும். நீரில் மூழ்கியுள்ள சிறு உணரியின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். அதற்கேற்ப முள் உயரும். அன்று நீர்க்குழாய் வெடித்து நீரெல்லாம் வடிந்துவிட்டது. உணரி காற்றில் நின்றது. காற்று நீரைப்போல் வெப்பத்தைக் கடத்துவதில்லை. எனவே உலோகம் கொதிக்கையில் முள் தணிந்தது.

நெடுஞ்சாலை வழியே ஊர் திரும்பும் நேயர்கள், ஏறிய முள் ஏற்றத்திலேயே திடீரென இறங்கக் கண்டால், உடனே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுக. சூடு ஆறுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறத்தலாகாது. நீர் சிறிதேனும் எஞ்சியிருந்தால், அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் அது முகத்தில் பீறிடும். எஞ்சின் நன்கு ஆறியபின், மூடியின்மேல் தடித்த துணியைப் போட்டு மெல்லத் திருகி, உள்ளே நீர் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.