முட்டைக்கோசுப் புழுவும் கடுகு வரிசையும்

முட்டைக்கோசு இலையின் அடிப்புறத்தில், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள, இருமுனையும் ஒடுங்கிய வெளிர்பச்சைப் புழுக்கள் காணப்படுவதுண்டு. புல் நுனியால் ஒன்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது துள்ளி நெளிந்து, மெல்லிய நூலைப் பற்றிக் கீழே தொங்குமாயின், அதுவே வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவாகும். அது அடித்தோலைச் சுரண்டித் தின்று மேற்றோலை விட்டுவிடுவதால், இலையில் கண்ணாடிச் சன்னல் போன்ற திட்டுகள் தோன்றிப் பின்னர் ஓட்டைகளாகின்றன.

இந்தியாவில் இப்பூச்சி 1914-இல் பதிவு செய்யப்பட்டது. நஞ்சைத் தாங்கும் ஆற்றலில் இதற்கு இணையான பயிர்ப்பூச்சி அரிது. ஜாவாவில் டி.டி.டி. இதனிடம் பயனற்றுப் போனது 1953-இல் அறிவிக்கப்பட்டது. வெப்பமான பருவத்தில் ஒரு தலைமுறை ஏறக்குறைய மூன்று வாரங்களில் முடிந்துவிடும். தெளிப்பில் தப்பியவையே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராகின்றன. மருந்து தோற்றதென்று அளவைக் கூட்டித் தெளிப்பவர், எதிர்ப்புள்ள புழுவைத் தாமே பொறுக்கி வளர்ப்பவராகிறார். அதனை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளும் உடன் மடிகின்றன. அறுவடையை ஒட்டித் தெளித்த நஞ்சோ உண்பவரின் அடுக்களைக்கே செல்லும்.

இதற்கு மாற்றாகப் பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஒரு முறையை வகுத்தது. தாய் அந்து முட்டையிட முட்டைக்கோசைவிடக் கடுகையே பெரிதும் விரும்பும். ஆதலின், 25 வரிசை முட்டைக்கோசுக்கு இரண்டு வரிசை கடுகு விதைக்கப்படுகிறது. முதல் வரிசையை நாற்று நடுவதற்கு 15 நாள் முன்பும், இரண்டாவதை நட்ட 25 நாளிலும் விதைக்க வேண்டும். ஒன்று முற்றும்போது மற்றது இளந்தழையுடன் நிற்கும். இந்த இரண்டாம் விதைப்பையே பலர் மறந்துவிடுகின்றனர்.

கடுகைக் கவனியாது விட்டால் அது பொறியாக இராமல் புழுப்பண்ணையாகிவிடும். முன்னர் அதன்மேல் தெளிக்கப்பட்ட டைகுளோர்வாஸ் 2020 இறுதியுடன் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. இப்போது புழுக்களைக் கையால் பொறுக்கி அழிக்கலாம். வேப்பங்கொட்டைச் சாறும் தெளிக்கலாம். இச்சாற்றை, கோசு உருளத் தொடங்கும் பருவத்தில் முட்டைக்கோசிற்கும் தெளிக்க வேண்டும். வேப்பம்பருப்பு 500 கிராமை இடித்து, தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டராக்கிக் கொள்க. முட்டைக்கோசு இலை மெழுகுப் பூச்சுடையது. நீர் முத்துமுத்தாக உருண்டோடிவிடும். எனவே சிறிது சோப்புக் கரைசல் சேர்ப்பது இன்றியமையாதது. வெயிலில் சாற்றின் வீரியம் குன்றுமாதலால், மாலையில், இலையின் அடிப்புறம் நனையுமாறு தெளிக்க வேண்டும்.

பள்ளித் தோட்டமுள்ள ஆசிரியர்கள், பத்துக் கடுகுச் செடிகளிலும் பத்து முட்டைக்கோசுச் செடிகளிலும் உள்ள புழுக்களை மாணவரைக் கொண்டு வாரம் ஒருமுறை எண்ணிப் பதியச் செய்யலாம். கடுகு பூத்து முற்றிய வாரத்தில் முட்டைக்கோசின் எண்ணிக்கை உயர்கிறதா என்பதை அவர்களே கண்டறிவர்.