இரைப்பையையே எடுத்த பிறகு சாப்பிட முடியுமா? புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வாழ்க்கை எப்படி மாறும்?

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரிடம் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "வயித்தையே எடுத்துட்டாங்களாமே, இனிமே எப்படி சாப்பிடுவீங்க?"

வாயால்தான். அதே இட்லி, அதே சோறு, அதே மீன் குழம்புதான். ஆனால் சாப்பிடும் அளவும் விதமும் அடியோடு மாறும்.

சென்னையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்வரிசையில் இருப்பது இரைப்பைப் புற்றுநோய். நோய் பரவாமல் இருந்தால் இரைப்பையில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அகற்றுவார்கள். முழுவதும் அகற்றினால் உணவுக்குழாயை நேராகச் சிறுகுடலுடன் இணைத்துவிடுவார்கள். செரிமானத்தின் பெரும்பகுதி சிறுகுடலில்தான் நடக்கிறது என்பதால் இரைப்பை இல்லாமலும் வாழ முடியும். 1897-லேயே சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் கார்ல் ஷ்லாட்டர் என்ற மருத்துவர் ஒரு பெண்ணின் இரைப்பையை முழுதாக அகற்றினார். அதன் பிறகு ஓராண்டுக்கும் மேல் அந்தப் பெண் உயிரோடு இருந்தார்.

அப்படியானால் எதை இழக்கிறோம்? சாப்பிட்டதைச் சேர்த்து வைத்து, அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்பும் 'கிடங்கு' போய்விடுகிறது. பிரச்னை அங்கேதான் தொடங்குகிறது.

சாப்பிட்டதும் படபடப்பு... ஏன்?

சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிடித்து இழுக்கும். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், பேதி ஆகும், படுத்தால் போதும் என்றிருக்கும். பலர் நோய் திரும்பிவிட்டதாகவே பயந்துபோவார்கள். பெரும்பாலும் இது 'டம்பிங் சிண்ட்ரோம்'. இனிப்பான, நீர்த்த உணவு மொத்தமாகச் சிறுகுடலில் போய் விழுவதால், ரத்தத்திலுள்ள நீரைக் குடல் இழுத்துக்கொள்கிறது. அதன் விளைவுதான் இத்தனையும்.

இன்னொரு வகை, 1 முதல் 3 மணி நேரம் கழித்து வரும். சர்க்கரை வேகமாக ரத்தத்தில் ஏற, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், கண் இருட்டும். பைக் ஓட்டும்போது வந்தால் ஆபத்து. ஏற்கெனவே சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பழைய டோஸையே தொடராமல் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கஞ்சி கொடுப்பது சரியா?

நம் வீடுகளில் உடம்பு சரியில்லை என்றாலே கஞ்சி, ஜூஸ், குளுக்கோஸ் தண்ணீர். பாசத்தில் கொடுப்பதுதான். ஆனால் இவர்களுக்குச் சிக்கலே அதில்தான் இருக்கிறது. ஜூஸும் குளுக்கோஸும் டம்பிங்கைக் கூப்பிட்டுக் கொண்டுவரும். ஆபரேஷன் முடிந்த முதல் நாட்களில் நீராகாரம் அவசியம். அதன் பிறகும் வெறும் கஞ்சியிலேயே ஓட்டினால் புரதம் கிடைக்காது, தசை கரையும்.

3 வேளைச் சாப்பாட்டை 6 அல்லது 7 ஆகப் பிரியுங்கள். ஒரு வேளைக்கு ஒன்றரை இட்லி போதும், கூடவே ஒரு முட்டை. அல்லது கெட்டியான பருப்பு, முள் நீக்கிய மீன், பனீர், கெட்டித் தயிர். வாயில் கூழாகும்வரை மெல்ல வேண்டும், இனி அரைக்கும் வேலை பல்லுக்குத்தான். தண்ணீர், மோர், காபி எல்லாம் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ பின்போ. சோற்றில் ரசத்தைக் குளமாக ஊற்றிப் பிசையும் பழக்கத்தைக் கொஞ்ச காலம் மறப்பது நல்லது. சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் சாய்ந்து ஓய்வெடுக்கலாம். ஆனால் தட்டையாகப் படுத்தால் பித்தநீர் எதுக்களித்து நெஞ்சு எரியும். இரவிலும் தலைப்பக்கம் உயரமாக இருக்கட்டும். விரதம் வேண்டாம்.

முதல் சில மாதங்களில் உடல் எடையில் 10 முதல் 20 சதவீதம் குறைவது வழக்கம். "என்ன இப்படி இளைச்சிட்டீங்க?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பதுதான் பலரை முடக்கிப்போடுகிறது. எடை ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறதா என்பதே முக்கியம். வாரம் ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள்.

மறந்துபோகும் ஊசி

வைட்டமின் பி12-ஐக் குடல் உறிஞ்ச உதவும் பொருள் சுரப்பது இரைப்பையில். அது முழுதாகப் போய்விட்டால், வாழ்நாள் முழுக்க டாக்டர் சொல்லும் இடைவெளியில் பி12 ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கல்லீரலில் ஏற்கெனவே இருப்பு இருப்பதால், முதல் வருடம் ஊசியை விட்டாலும் ஒன்றும் தெரியாது. 'நல்லாத்தானே இருக்கோம்' என்று விட்டுவிடுவார்கள். பிறகுதான் சோர்வு, ரத்தசோகை, பாதத்தில் மரத்துப்போதல் எல்லாம் வரும். கீமோவில் ஆக்சாலிபிளாட்டின் போட்டவர்களுக்கும் கை கால் மரத்துப்போகும் என்பதால், எல்லாப் பழியையும் கீமோ மேல் போட்டுவிட்டு பி12-ஐப் பார்க்காமல் விடுவதும் நடக்கிறது. ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

எப்போது உடனே போக வேண்டும்?

முதல் 2 ஆண்டுகளில் பொதுவாக 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை செக்-அப் இருக்கும். தேதி வரும்வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு: விழுங்குவது புதிதாகச் சிரமமாவது, தொடர் வாந்தி, கருப்பாக மலம் போவது, கண் மஞ்சளாவது, நின்றிருந்த எடை மறுபடி இறங்குவது.

ஆபரேஷனே செய்ய முடியாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கும் செய்ய நிறைய இருக்கிறது. அடைப்பைத் திறக்க ஸ்டென்ட், வலிக்கு மார்ஃபின், வாந்திக்கு மருந்து எல்லாம் கிடைக்கும். இந்த வலி நிவாரண சிகிச்சையைக் கடைசி வாரத்தில்தான் கேட்க வேண்டும் என்றில்லை, கீமோ நடக்கும்போதே கேட்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்தப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. பெரும்பாலும் சிறு வயதிலேயே, ஒரே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் டாக்டரிடம் கேட்டு மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்துகொள்ளலாம். இருந்தால் பெரும்பாலும் 14 நாள் மாத்திரையில் ஒழித்துவிடலாம்.