பொன்னொளி படர்ந்த நிலக்காட்சிகள்

17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்து தேசத்துச் சித்திரக்காரர் பலர், மேகம் கவிந்த தங்கள் ஆகாயத்தை விட்டு நீங்கி ரோமாபுரி சென்று, அந்நகரைச் சூழ்ந்த கம்பாஞா சமவெளியின் வெயிலில் மனத்தைப் பறிகொடுத்து, ஊர் திரும்பிய பின்னரும் அவ்வெயிலையே தீட்டி வந்தார்கள். அவர்கள் வளர்த்த மரபுக்கு இத்தாலியப் பாணி நிலக்காட்சி என்று பெயர். ரோமில் சில ஆண்டுகள் தங்கி, 1641-ஆம் ஆண்டளவில் தாயகம் மீண்டு, 1652-இல் அகால மரணமடைந்த யூட்ரெக்ட் நகரத்து யான் போத்தின் படங்களில்தான் அம்மரபின் சாரம் தெளிவாக விளங்குகிறது என்பது என் எண்ணம்.

அவர் பலமுறை தீட்டிய காட்சி இது: ஒரு பக்கத்தில் மரங்கள் ஓங்கி நிற்கின்றன, அஸ்தமனத்தை நோக்கிச் சாய்ந்த சூரியன் அவற்றுக்குப் பின்னால் இருப்பதால், மரங்களின் உடல் இருண்டு, இலைகளின் விளிம்பு மட்டும் பொன்னாய் மின்ன, நிழல்கள் நம்மை நோக்கி நீளுகின்றன. பாதையோ சாய்வாக உள்ளே சென்று, கோவேறு கழுதைகளை ஓட்டிச் செல்லும் சிறு மனிதர்களைக் கடந்து, தொலைவில் நீலமலைகளின் பக்கம் மறைகிறது. தட்டையான துணியில் காத தூரம் விரிவது எவ்வாறு? காற்றிலுள்ள ஈரமும் தூசியும் ஒளியைச் சிதறடிப்பதால், தூரம் மிகமிகப் பொருள்களின் உருவக்கோடுகள் மழுங்கி, இருளுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள பேதம் குறைந்து, அவற்றின் வர்ணம் ஆகாயத்தின் வர்ணத்தோடு கலந்துவிடுகிறது. இயற்கையின் இந்நியதியை அடியொற்றியே ஓவியர் முன்தளத்தில் அடர்ந்த பழுப்பையும், நடுவில் மஞ்சள் தோய்ந்த பசுமையையும், கடைசியில் வெளிறிய நீலத்தையும் வைக்கிறார். சாயங்கால வெயில் வாயுமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருகையில் நீலக் கிரணங்கள் வழியிலேயே சிதறிப்போக, மஞ்சளும் செம்மையுமே மிஞ்சுகின்றன. படம் முழுவதும் படர்ந்திருக்கும் பொன்னிறத்துக்குக் காரணம் அதுவே.

பாறை, பசு, வழிப்போக்கன் என்ற பேதமின்றி ஒரே ஒளி அனைத்தையும் தழுவுவதாலும், வர்ணம் எங்கும் திடுக்கிட வைக்காமல் மெல்ல மாறுவதாலும், காண்போர் உள்ளத்தில் சாந்தம் குடிகொள்கிறது. கதையொன்றும் சொல்லாத இப்படங்களுக்கு அந்தச் சாந்தமே ரசம்.

டார்ட்ரெக்ட் நகரத்து ஆல்பர்ட் கைப் (1620–1691) இத்தாலியை மிதித்ததே இல்லை. போத்தின் படங்களைக் கண்டே அவ்வொளியின் இலக்கணத்தைக் கற்று, அதைத் தம் நாட்டு ஆற்றங்கரைகளிலும் மேயும் பசுக்களின் முதுகிலும் பொழிந்தார். அவருடைய பெரிய நதிக்காட்சி ஒன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

போத்தின் படம் ஒன்றின் நல்ல அச்சுப்பிரதி கிடைத்தால், வாசகர்கள் முன்தளத்து இருண்ட மரங்களைக் கையால் மறைத்துப் பார்க்கவேண்டும். தொலைமலைகள் சட்டென அருகில் வந்துவிடும். கையை எடுத்ததும் பழைய தூரத்துக்கே மீளும்.