பழைய துணியும் நல்ல போர்வையும்

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து போன பிறகு நாகப்பட்டினம் பக்கம் சென்றவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். சாலையோரங்களில் பழைய துணிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. பல ஊர்களிலிருந்து நல்ல எண்ணத்தோடு அனுப்பப்பட்டவைதான் அவை. ஆனால் நல்லதும் கிழிந்ததும் கலந்து வந்த அந்தத் துணிகளை எடுத்துக்கொள்ள அங்கிருந்த மக்களுக்கு மனம் வரவில்லை. முந்தின நாள் வரை உழைத்துக் கௌரவமாக வாழ்ந்தவர்கள் அவர்கள். பிறர் கழித்துப் போட்டதை எப்படி உடுத்துவார்கள்?

துணி கொடுப்பது ஸதகாதான். ஆனால் அலமாரியிலிருந்து எடுத்து மூட்டை கட்டுவதற்கும், அது தேவையுள்ளவர் கையில் சேர்வதற்கும் நடுவே ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையை யாரும் செய்யாவிட்டால் நம் தர்மம் அடுத்தவருக்குப் பாரமாகிவிடும்.

இந்த வேலையை முறையாகச் செய்பவர்களைப் பற்றி நாம் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டாம் உலகப் போரால் சிதைந்த ஐரோப்பாவுக்கு உதவுவதற்காக, அமெரிக்காவிலுள்ள லூத்தரன் கிறிஸ்தவர்கள் 1945-ல் 'லூத்தரன் வேர்ல்ட் ரிலீஃப்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதற்காகச் சபைப் பெண்கள், பெரும்பாலும் வயதானவர்கள், ஓரிடத்தில் கூடி, நன்கொடையாக வந்த துணிகளை வெட்டி இணைத்துக் கனமான போர்வைகள் தைக்கிறார்கள். 'குயில்ட்' என்பது அதன் பெயர். கூலி கிடையாது. சிரியாவிலிருந்து ஜோர்டானுக்கு அகதிகளாக வந்த முஸ்லிம் குடும்பங்களுக்கும் இந்தப் போர்வைகள் போயிருக்கின்றன. தேவாலயப் பெண்கள் தைத்தாலும் அதில் மதச்சின்னமோ, நாட்டுக் கொடியோ, ராணுவ உடைத் துணியோ சேர்ப்பதில்லை. போர்த்திக்கொள்பவர் யாராக இருந்தாலும் அவருக்குச் சங்கடம் வரக் கூடாது.

போர்வைக்கு மூன்று அடுக்கு உண்டு. மேலடுக்கு, சதுரத் துண்டுகளை இணைத்துத் தைத்தது. அடியில் ஒரு பெட்ஷீட். நடுவில் பஞ்சு விரிப்போ பழைய கம்பளியோ இருக்கும். அந்த நடு அடுக்கில் தங்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. அளவு 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம். அளவு ஒன்றாக இருந்தால் அழுத்திப் பேலாகக் கட்டுவது சுலபம். பங்கிடும்போது ஒருவருக்குப் பெரியது, ஒருவருக்குச் சிறியது என்ற மனக்குறையும் இராது.

கணக்கு எளியதுதான். 11 அங்குலச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு ஓரத்திலும் அரை அங்குலம் தையலுக்கு விட்டால், தைத்த பிறகு ஒவ்வொன்றும் 10 அங்குலம் நிற்கும். அகலத்துக்கு 6, நீளத்துக்கு 8, ஆக 48 துண்டுகள். பிறகு மூன்று அடுக்கையும் சேர்த்து, ஐந்தாறு அங்குலத்துக்கு ஒன்றாகக் கெட்டி நூலால் இரட்டை முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு இல்லாவிட்டால் துவைக்கும்போது நடுவிலுள்ளது ஒரு பக்கமாகத் திரண்டுவிடும். மெஷினில் தைக்கத் தெரியாதவர்களும் முடிச்சுப் போடலாம்.

இது நமக்குப் புதிதும் அல்ல. பழைய நூல் சேலைகளை மடித்து ஓட்டுத் தையல் போட்டு, பிறந்த குழந்தைக்கு விரிப்பு தைத்துக் கொடுத்த பாட்டிமார்கள் நம் வீடுகளிலும் உண்டு. நம் ஊர் வெப்பத்துக்கும் மழைக்கும் கனத்த போர்வை வேண்டாம். ஈரமானால் எளிதில் காயாது. நடுவில் பஞ்சுக்குப் பதிலாக இரண்டு மடிப்பு நூல் சேலை வைத்தால் போதும். மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் படுக்க நேரும் குடும்பத்துக்கு அது விரிப்பும் ஆகும், போர்வையும் ஆகும்.

ஆகவே, அடுத்த முறை துணி கொடுக்கும் முன் வீட்டிலேயே மூன்றாகப் பிரித்து வைப்போம்.

முதலாவது, அப்படியே உடுத்தக்கூடியவை. துவைத்து, பட்டன் சரிபார்த்து, இஸ்திரி போட்டுக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, உடுத்த முடியாவிட்டாலும் துணி உறுதியாக இருப்பவை: பெட்ஷீட், திரைச்சீலை, கைலி, நூல் சேலை, தையற்கடையில் மிஞ்சிய துண்டுகள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரு கைகளாலும் சற்று இழுத்துப் பாருங்கள். இழை விட்டுப்போனால் போர்வைக்கு ஆகாது. பனியன் துணி இழுபடும். வழுக்கும் சிந்தடிக் சேலையில் தையல் நிற்காது. புது நூல் துணியானாலும் ஒரு முறை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கிப் போர்வை கோணிக்கொள்ளும்.

மூன்றாவது, இற்றுப்போனவை. அவற்றை வீட்டிலேயே துடைக்கும் துணியாக வைத்துக்கொள்வோம். யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

தைத்து முடித்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. குத்திய ஊசிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, போர்வை முழுவதையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். அதில் ஒரு குழந்தை படுக்கப்போகிறது.

மெஷின் உள்ளவர்கள் தைக்கலாம், கண் பார்வை மங்கிய பெரியவர்கள் துணி பிரிக்கலாம், பிள்ளைகள் அட்டையை வைத்துச் சதுரம் வரையலாம். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு இதை விரிப்போமா என்று ஒரு கணம் யோசித்துப் பார்ப்போம். விரிப்போம் என்றால் தாராளமாகக் கொடுப்போம். நம் கரங்களின் சிறு உழைப்பையும் வல்ல இறைவன் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.